வடசென்னையிலிருந்து ஒரு பகலில் ஏற்காடு: பல மக்கள் கலந்து வளர்த்த மலையூரைப் பார்க்கும் முறை

வியாசர்பாடியில் வசிக்கும் ஒரு குடும்பத்தார் கேட்டிருக்கும் கேள்வி இது: புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் நாட்களில் தங்களுக்கு ஒரே ஒரு பகல்தான் ஓய்வு கிடைக்கிறது, வயதான தாயாரும் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் உடன் வருவார்கள், படகும் பூங்காவும் மட்டுமே உள்ள மலையாக இல்லாமல், இராயபுரத்தைப் போலவோ சௌகார்பேட்டையைப் போலவோ பலவகை மக்களின் வாழ்க்கை ஒன்றோடொன்று கலந்திருக்கும் மலையூர் ஒன்றைப் பார்த்துவிட்டு மறுநாள் வேலைக்குத் திரும்ப முடியுமா?

முடியும். சேலத்துக்கு மேலே சேர்வராயன் மலையில் இருக்கும் ஏற்காட்டுக்குச் செல்லுங்கள் என்பதே என் பதில். ஏலகிரி உங்களுக்கு இன்னும் அருகில் இருக்கிறது. ஜோலார்பேட்டையில் இறங்கி 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் மலைமேல் இருக்கலாம். காற்றும் நன்றாகவே இருக்கும். ஆனால் நீங்கள் தேடுகிற கலப்பு அங்கே குறைவு. தோடரும் கோத்தரும் படுகரும் வாழ்கிற, தேயிலைத் தோட்டங்களுக்கு எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் குடியேறிய நீலகிரி, இந்த வகையில் ஏற்காட்டைவிட வளமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் அதை ஒரு பகலுக்குள் அடக்க முயல்வது முதியவருக்கும் பிள்ளைகளுக்கும் துன்பமாகவே முடியும். ஏற்காடு சிறிய ஊர். மலையின் பூர்வகுடிகள், காப்பிப் பயிரிட வந்த ஆங்கிலேயர், பள்ளி நடத்த வந்த கத்தோலிக்கத் துறவியர், அங்கே பிள்ளைகளைப் படிக்க அனுப்பிய ஆங்கிலோ இந்தியர், தோட்டவேலைக்குச் சமவெளியிலிருந்து ஏறி வந்தவர்கள் என அத்தனை பேரின் தடங்களும் அங்கே சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கிடைக்கின்றன. அதோடு, இந்த ஊரின் கதைக்கும் வடசென்னைக்கும் இடையே பலர் எண்ணிப் பார்க்காத நெருக்கமும் உண்டு; உங்களுக்கு இதைப் பரிந்துரைப்பதற்கு அதுவே முதற்காரணம்.

பயணத்தைப் பகலில் வைத்துக்கொள்ளாதீர்கள். சாலை வழியாகச் சேலம் ஏறத்தாழ 340 கிலோமீட்டர். வடசென்னையின் நெரிசலிலிருந்து வெளியேறும் நேரத்தையும் சேர்த்தால் ஆறேழு மணி நேரம் காரிலேயே போய்விடும். காலை ரயிலில் சென்றாலும் மலை ஏறுவதற்குள் உச்சிவேளை கழிந்துவிடும். சென்னை சென்ட்ரலிலிருந்து ஈரோடு வரை செல்லும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் இரவு நேர வண்டி. அதில் படுத்து உறங்கினால் பொழுது விடியும் முன்பே சேலம் சந்திப்பில் இறங்கிவிடலாம். திரும்பும்போதும் அதே வண்டி இரவு பத்து மணியை ஒட்டிச் சேலத்துக்கு வந்து, மறுநாள் விடியுமுன் சென்ட்ரலில் கொண்டுவந்து சேர்க்கும். நேர அட்டவணை மாறக்கூடியது என்பதால் முன்பதிவின்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவுகளை ரயிலில் கழித்தால் முழுப் பகலும் மலைக்கு மிஞ்சும். தாயாருக்குக் கீழ்ப்படுக்கை கிடைக்கும்படி முன்னதாகவே பதிவு செய்யுங்கள். தீபாவளியை ஒட்டிய வாரங்களில் இந்த வண்டியில் கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது அரிது.

நீங்கள் பயணிக்கப் போகும் பாதையைப் பற்றிப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கிப் புறப்பட்டது. அதே தடத்தை மெட்ராஸ் ரயில்வே நிறுவனம் ஜோலார்பேட்டை, சேலம் வழியாக நீட்டிக்கொண்டே சென்று, 1860களின் தொடக்கத்தில் மேற்குக் கடற்கரையைத் தொட்டது. அதுவரை மாட்டுவண்டியிலும் பல்லக்கிலும் பல நாட்கள் பயணம் செய்தே சேலத்தை அடைய வேண்டியிருந்த நிலை அத்துடன் மாறியது. நகரத்து வெயிலைத் தாங்க முடியாதவர்களும், மலையில் நிலம் வாங்கிக் காப்பி பயிரிட நினைத்தவர்களும், பின்னாளில் பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் சேர்க்க வந்தவர்களும் இந்தத் தடத்தில்தான் வந்தார்கள். ஏற்காட்டின் கலப்பில் பெரும்பகுதி இராயபுரத்தில் தொடங்கிய இருப்புப்பாதையில் ஏறி வந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

பருவத்தைப் பற்றிச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும். குளிர்நாடுகளில் காண்பதுபோல மரங்கள் செம்மஞ்சளாக மாறி இலை உதிர்க்கும் காட்சியை இந்த மலையில் எதிர்பார்க்கக் கூடாது. சேர்வராயன் மலைக்குத் தென்மேற்குப் பருவத்திலும் மழை உண்டு, வடகிழக்குப் பருவத்திலும் உண்டு. செப்டம்பரும் அக்டோபரும் அங்கே ஆண்டின் நனைந்த மாதங்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. அதற்கு முந்தைய நாட்களில் பெரும்பாலும் காலை தெளிந்திருக்கும், பிற்பகலில் இடியுடன் மழை கொட்டும், மாலையில் மூடுபனி இறங்கும். பருவமழை வலுத்துவிட்டால் இந்த ஒழுங்கு குலைந்து நாள் முழுவதும் தூறிக்கொண்டே இருக்கலாம். ஆகவே அக்டோபரின் முதல் பாதியில், ஆயுதபூஜை விடுமுறையை ஒட்டாத ஒரு செவ்வாயோ புதனோ வியாழனோ தேர்ந்தெடுங்கள். ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலமோ 300 மீட்டருக்கும் கீழே. இந்த உயர வேறுபாட்டால் மட்டுமே எட்டு டிகிரி அளவுக்கு வெப்பம் குறைந்துவிடும். காலையில் பேருந்தை விட்டு இறங்கும்போது தாயாருக்குச் சால்வை தேவைப்படும். பகலில் அதைக் கையில்தான் வைத்திருப்பார்.

காலை தெளிவு, பிற்பகல் மழை என்ற இந்த ஒழுங்குதான் உங்கள் பகலின் வரிசையையும் தீர்மானிக்க வேண்டும். உயரமான இடங்கள் காலையில். நடந்தும் நின்றும் பார்க்க வேண்டியவை முற்பகலில். கூரைக்கு அடியில் இருப்பவை பிற்பகலில். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பேருந்து நிற்குமிடத்துக்கு அருகிலேயே ஏரி இருப்பதால் காலை முழுவதையும் படகுக்குக் கொடுத்துவிட்டு, மூடுபனி இறங்கிய பிறகு காட்சிமுனைக்குச் சென்று வெண்மையைப் பார்த்துத் திரும்புகிறார்கள்.

சேலம் சந்திப்பிலிருந்து புதிய பேருந்து நிலையத்துக்குச் சென்றால் விடியற்காலையிலேயே ஏற்காட்டுப் பேருந்துகள் கிடைக்கும். கோரிமேட்டைத் தாண்டி அடிவாரத்தை அடைந்ததும் 20 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. தலைசுற்றல் உள்ளவர்கள் முன்னிருக்கையில் அமர்வது நல்லது. மேலே சென்றதும் அரைநாளுக்கோ முழுநாளுக்கோ ஒரு வாடகை வண்டியைப் பேசிக்கொள்ளுங்கள். எந்தெந்த இடங்கள், எத்தனை மணி வரை, மொத்தம் எவ்வளவு என்பதை ஏறுமுன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஓட்டுநர் வைத்திருக்கும் வழக்கமான பட்டியலில், நான் பின்னால் சொல்லப்போகும் ஹோலி ட்ரினிட்டி தேவாலயத்துக் கல்லறைத் தோட்டம் இருக்காது. அதை நீங்களே சேர்க்கச் சொல்லுங்கள்.

முதலில் சேர்வராயன் கோயிலுக்குச் செல்லுங்கள். 1,600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், மேசைபோல் பரந்த ஒரு புல்வெளியின் ஓரத்தில், தாழ்ந்த கூரையுடைய குகைக்குள் இருக்கிறது அந்தக் கோயில். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். உங்கள் தாயாருக்குக் குனிவது கடினமானால் வாயிலிலிருந்தே வணங்கிக்கொள்ளலாம். உள்ளே சேர்வராயனும் காவிரி அம்மனும் அருகருகே இருக்கிறார்கள். குகை காவிரி வரை நீண்டு செல்கிறது என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. வானம் தெளிந்த நாளில் மலையின் மேற்கு விளிம்பில் நின்றால் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு தெரியும். மலையையும் ஆற்றையும் இணைத்து வைத்து வழிபட வேண்டும் என்று அம்மக்களுக்குத் தோன்றியது ஏன் என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கே நின்று விளக்குவது எளிது.

இந்தக் கோயில் சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களுடையது. பெயரைக் கேட்டு அவர்களைக் கேரளத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது; அவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் என்றும், அவர்களில் மூத்தவர் வழியினர் சேர்வராயனிலும் மற்ற இருவர் வழியினர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறினர் என்றும் அவர்களிடையே வழங்கும் கதையை எட்கர் தர்ஸ்டன் தம்முடைய தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பில் பதிவு செய்திருக்கிறார். கதையின் வரலாற்று உண்மை எதுவாக இருந்தாலும், தொண்டை மண்டலத்திலிருந்து புறப்பட்டு மலையேறியவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மக்கள் அவர்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்ந்த அவர்களுடைய நிலத்தின் மீதுதான் பின்னால் வந்த அனைத்தும் அடுக்கப்பட்டன. மே மாதத்தில் நடக்கும் சேர்வராயன் திருவிழாவுக்கு மலையின் எல்லா ஊர்களிலிருந்தும் அவர்கள் கூடுகிறார்கள். நீங்கள் செல்லும் பருவத்தில் அந்தக் கூட்டம் இருக்காது. புல்வெளியில் காற்று மட்டுமே இருக்கும். அங்கே உணவுப் பொட்டலங்களையும் புட்டிகளையும் விட்டுவரும் பயணிகள் பலர். அது ஒரு சமூகத்தின் குலதெய்வம் உறையும் இடம் என்பதை மறந்து அப்படிச் செய்கிறார்கள். தயவுசெய்து உங்கள் பிள்ளைகளுக்கு இதை முன்பே சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

அந்த உச்சியில் சில இடங்களில் மண் செங்கல் நிறத்தில் இருப்பதைக் காண்பீர்கள். அது பாக்சைட் கலந்த மண். மேட்டூரில் இயங்கிய அலுமினிய ஆலைக்கு இங்கிருந்துதான் பல ஆண்டுகள் கனிமம் வெட்டிச் செல்லப்பட்டது. அதற்கு அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கடினமான பாறை. உங்கள் ஊரில் பரங்கிமலையும் பல்லாவரத்துக் குன்றும் இதே வகைப் பாறையால் ஆனவை. இந்தப் பாறையைப் பற்றி வேறொரு செய்தி இருக்கிறது. அதைக் கல்லறைத் தோட்டத்தில் சொல்கிறேன்.

கோயிலிலிருந்து திரும்பும் வழியில் பகோடா முனை. மலைமக்கள் கற்களை அடுக்கி எழுப்பிய கூம்புகளும் அருகில் ஒரு சிறு இராமர் கோயிலும் கீழே பள்ளத்தாக்கில் ஒரு கிராமமும் அங்கே தெரியும். கால் மணி நேரம் போதும்.

அடுத்தது காப்பி. 1820களில் சேலம் மாவட்டக் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான் இந்த மலையில் காப்பியைப் பயிரிட்டுத் தொடங்கிவைத்தவர். கிரேஞ்ச் என்ற தோட்டத்தில் காப்பியோடு பேரி, ஆப்பிள் போன்ற பழமரங்களையும் வளர்த்துப் பார்த்தார். அவரைத் தொடர்ந்து வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் வந்து காடுகளை வாங்கினார்கள். காப்பிக்கு நிழல் வேண்டும். அதனால் காட்டின் பெரிய மரங்களில் சிலவற்றை விட்டுவைத்தார்கள். பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரத்தை வரிசையாக நட்டார்கள். அதன்மேல் நம் நாட்டு மிளகுக்கொடி ஏறியது. எத்தியோப்பியாவில் தோன்றி அரபு நாட்டின் வழியாக வந்த செடி, ஆஸ்திரேலிய மரத்தின் நிழல், மேற்குத் தொடர்ச்சி மலையின் கொடி, நிலமோ மலையாளிகளுடையது: நீங்கள் பார்க்க விரும்பிய கலப்பை ஒரே பார்வையில் காட்டக்கூடியது ஏற்காட்டின் காப்பித் தோட்டம்தான். இந்தக் கலப்பு அன்பினால் மட்டும் நேர்ந்ததன்று என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தோட்டங்கள் விரிய விரிய மலைமக்களின் விளைநிலமும் காடும் சுருங்கின. தங்கள் மலையிலேயே கூலிக்குக் காப்பி பறிக்கும் நிலை அவர்களில் பலருக்கு வந்தது. விடுதலைக்குப் பின் தோட்டங்கள் இந்தியர் கைக்கு மாறியபோதும் அந்த நிலை பெரிதாக மாறவில்லை.

இங்கே விளைவது பெரும்பாலும் அராபிகா வகை. கோடை மழைக்குப் பின் மார்ச், ஏப்ரலில் மல்லிகை மணத்தோடு பூத்து, மழைக்காலம் முழுவதும் காயாக இருந்து, நவம்பரிலிருந்து பழுக்கும். அக்டோபரில் கிளைகளில் பச்சைக் காய்கள் நெருக்கமாக இருக்கும்; அங்கொன்றும் இங்கொன்றும் சிவக்கத் தொடங்கியிருக்கும். இந்த மலையில் இந்தப் பருவத்துக்கு ஒரு நிறமாற்றம் உண்டென்றால் அது இந்தக் காய்களில்தான் என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஏரியருகே தொடங்கித் தோட்டங்களையும் மலைக்கிராமங்களையும் சுற்றி மீண்டும் ஊருக்கே வந்து சேரும் சுமார் 32 கிலோமீட்டர் சுற்றுச்சாலை ஒன்று இருக்கிறது. அதில் சிறிது தூரம் சென்றாலே இவை எல்லாம் தெரியும். தோட்டங்கள் தனியாருடையவை, வேலிக்குள் போக வேண்டுமானால் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சாலையோரத்தில் பறித்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். ஒவ்வொரு கொத்தும் ஒருவரின் கூலியோடு கட்டுண்டது.

முற்பகலின் பிற்பாதியை ஹோலி ட்ரினிட்டி தேவாலயத்துக்கு ஒதுக்குங்கள். ஏற்காட்டுக்கு வருபவர்களில் மிகச் சிலரே அங்கே வண்டியை நிறுத்துகிறார்கள். எனக்கோ இந்தப் பயணத்தின் உயிர்நாடியே அதுதான். இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளரின் அஸ்தி அடக்கம் செய்யப்பட்ட இடம் அது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணிபுரிய 1858இல் வந்த அவர், 1863ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில் மனிதன் செதுக்கிய கல்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை உலகம் ஏற்க அந்தக் கல்லே தொடக்கமாக இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு சேர்ந்து அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டார். அத்திரம்பாக்கம் எங்கே இருக்கிறது? திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில். அந்த ஆறு எங்கே கடலில் சேர்கிறது? எண்ணூரில். நாம் கழிவுநீரும் சாம்பலும் கலந்துவிட்டதென்று வருந்துகிற அதே ஆற்றின் மேற்பகுதியில் மனிதர் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கோடரி செதுக்கியிருக்கிறார்கள் என்று, தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்ட காலக்கணிப்பு காட்டியது. இத்தனைக்கும் முதல் வாசலைத் திறந்த மனிதர் ஏற்காட்டில் வீடு அமைத்து வாழ்ந்தார். சேர்வராயன் மலையிலும் கற்கருவிகள் தேடிச் சேகரித்தார். 1912இல் கல்கத்தாவில் காலமானபோது அவருடைய அஸ்தி இந்த மலைக்கே கொண்டுவரப்பட்டது. முதற்கருவி கிடைத்த பல்லாவரத்துக் குன்றும் அவர் நினைவிடம் இருக்கும் மலையும் ஒரே வகைப் பாறை என்பதைத்தான் மேலே சொல்லாமல் நிறுத்தினேன். அவர் தேடிச் சேர்த்த தொகுப்பை 1904இல் சென்னை அருங்காட்சியகம் 40,000 ரூபாய்க்கு வாங்கியது. பயணத்துக்கு முந்தைய வாரம் பிள்ளைகளை எழும்பூருக்கு அழைத்துச் சென்று அந்தக் கற்களைக் காட்டிவிட்டு வந்தால், ஏற்காட்டில் அந்தப் பெயரைப் படிக்கும்போது அவர்களுக்கு அது அந்நியமாக இருக்காது.

ஃபூட்டின் மனைவி, பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகள். பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியை நடத்திவந்தவர். விவிலியத்தைப் புதிதாகத் தமிழாக்க முற்பட்டபோது அவருக்குத் துணைநின்ற தமிழறிஞர் வேறு யாருமல்லர், ஆறுமுக நாவலர்தாம். அந்த மொழிபெயர்ப்பைச் சென்னையில் புலவர்கள் முன்வைத்து ஒப்புதல் பெறுவதற்காக இருவரும் 1848இல் சேர்ந்தே கடல் கடந்து வந்தார்கள். பின்னர் நாவலர் சைவத்தைக் காக்கத் தம் வாழ்நாளையே கொடுத்ததும், அவருடைய வித்தியாநுபாலன யந்திரசாலை என்ற அச்சகம் நம்முடைய தங்கசாலைத் தெருவில் இயங்கியதும் தமிழ் படித்தவர் அறிந்தவை. பெர்சிவலும் சென்னைக்கு வந்து, 1855இல் தினவர்த்தமானி என்ற தமிழ் இதழைத் தொடங்கி நடத்தினார். மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தார். முதுமையில் ஏற்காட்டுக்கு வந்து, 1882இல் அங்கேயே மறைந்தார். கிறிஸ்தவ மறைநூலைச் சைவப் பேரறிஞர் ஒருவரோடு அமர்ந்து தமிழாக்கியவர் கடைசி மூச்சை விட்டது சேர்வராயனும் காவிரியும் காக்கும் மலையில். கலந்த பண்பாடு என்று நீங்கள் கேட்டதற்கு இதைவிடப் பொருத்தமான விடையை நான் அறியேன்.

தேவாலயத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் வழிபாட்டுக்கு இடையூறாகும். வார நாளில் பொறுப்பில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டு கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கலாம். மழையில் தரை வழுக்கும். தாயாரைக் கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். கற்களில் குழந்தைகளின் பெயர்கள் கண்ணில் பட்டால் சற்று நில்லுங்கள். நோய்க்கு மருந்தில்லாத காலத்தில் மலைக்காற்றை நம்பி வந்த குடும்பங்கள் எத்தனையோ.

பள்ளிகள் இந்த ஊரின் மற்றொரு தூண். குளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் 1894இல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் பள்ளியும், புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917இல் தொடங்கிய மாண்ட்ஃபோர்ட் பள்ளியும் இன்றும் நடக்கின்றன. பெரம்பூர் பணிமனையிலும் ஜோலார்பேட்டையிலும் ரயில்வேயில் வேலை செய்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இத்தகைய மலைப் பள்ளிகள் பழகிய பெயர்கள். தந்தை இயந்திர ஓட்டுநராகவோ கார்டாகவோ ஊர் ஊராக மாறிக்கொண்டிருக்கும் வீட்டில் பிள்ளைகள் ஓரிடத்தில் இருந்து படிக்க விடுதிதான் வழி. விடுதலைக்குப் பிறகு அவர்களில் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் சென்றுவிட்டார்கள். பெரம்பூரில் தங்கியவர்களும் உண்டு. உங்கள் தாயார் அந்தத் தலைமுறையைப் பார்த்தவராக இருப்பார். லூர்து மாதா கோயில் திருவிழாவிலோ கிறிஸ்துமஸ் நாளிலோ அவர்கள் வீட்டிலிருந்து வந்த கேக்கையும் மிளகு ரசத்திலிருந்து பிறந்த பெப்பர் வாட்டரையும் அவர் நினைவுகூர்ந்தால், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். பள்ளி வளாகங்களுக்குள் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. வெளியிலிருந்து பார்த்தாலே கட்டடங்களின் தோற்றம் தெரியும்.

பிற்பகலில் மழை வந்துவிட்டால் சாப்பாட்டுக்குப் பின் இந்திய தாவரவியல் ஆய்வுத்துறையின் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போகலாம். 1963இல் நிறுவப்பட்ட அந்தத் தோட்டத்தில் மலைகளின் ஆர்க்கிட் செடிகளும், பூச்சிகளைப் பிடித்து உண்ணும் குடுவைச்செடியும் வளர்க்கப்படுகின்றன. குடுவைச்செடி மேகாலயாவின் காசி மலைகளுக்கு உரியது. பிள்ளைகள் அதை விட்டு நகரமாட்டார்கள். மழை இல்லாவிட்டால் லேடீஸ் சீட் என்ற முனைக்குச் சென்று சேலம் நகரத்தையும் வளைந்து ஏறும் சாலையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கிளியூர் அருவி இந்தப் பருவத்தில் நிறைந்து விழும். ஏரியின் உபரிநீர்தான் அங்கே அருவியாகிறது. ஆனால் இறங்கி ஏறப் படிகள் அதிகம், பாறைகள் வழுக்கும், மழை கூடிய நாட்களில் அனுமதியும் இருக்காது. தாயாரை விட்டுவிட்டுப் போவதாக இருந்தால் மட்டும் எண்ணிப் பாருங்கள். உங்கள் பகலில் அதற்கு இடமில்லை என்பதே என் கருத்து. ஏரியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். படகில் பிள்ளைகள் அரை மணி நேரம் சுற்றட்டும்; கரையோரக் கடைகளில் சூடான மிளகாய் பஜ்ஜி கிடைக்கும்.

ஊரைவிட்டுக் கிளம்புமுன் காப்பித்தூளும் மிளகும் வாங்கிக்கொள்ளலாம். கொட்டையாக வாங்கி வண்ணாரப்பேட்டையில் நீங்கள் வழக்கமாகப் போகும் கடையில் அரைத்துக்கொண்டால் மணம் நிற்கும். சிக்கரி சேர்க்காததைக் கேட்டு வாங்குங்கள். மலைமக்கள் சாலையோரத்தில் விற்கும் பழங்களில் அந்தப் பருவத்துக்கு உரியதைப் பேரம் பேசாமல் வாங்குங்கள். அந்தப் பணம் இடைத்தரகர் இல்லாமல் நேரே அவர்களுக்குப் போகிறது.

மலையிலிருந்து மாலை ஆறு மணிக்கு மேல் தாமதிக்காமல் இறங்கிவிடுவது நல்லது. இருட்டும் மூடுபனியும் சேர்ந்தால் வளைவுகளில் பேருந்து மெதுவாகத்தான் இறங்கும். சேலத்தில் ரயிலுக்கு முன்பு இரண்டு மணி நேரமாவது கையில் இருக்கும். அங்கே தட்டுவடை செட்டு என்று ஒரு தின்பண்டம் உண்டு: இரண்டு தட்டைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னிகள் வைத்துத் தருவார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தாயாருக்கு இட்லியோ தோசையோ முன்னதாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வண்டி சென்ட்ரலுக்கு வந்து சேரும் நேரத்தில் மாநகரப் பேருந்துகள் குறைவாகவே ஓடும். வியாசர்பாடி வரை ஆட்டோவுக்கு ஏற்பாடு செய்துகொண்டால் விடியுமுன் வீட்டில் இருந்து, சற்று உறங்கி எழுந்து வேலைக்கும் பள்ளிக்கும் போகலாம்.